இரண்டு பக்கமும் ஒன்பது கிலோ

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடத்தில் ஏழு பேர் இருந்தார்கள். எடைக்காரர், அவர் மனைவி, மகள், மருமகன், பக்கத்து வீட்டுக் கண்டக்டர், கண்டக்டரின் மனைவி, ஏழாவதாக ஒரு லாட்ஜ் மேனேஜர். இந்த ஏழாவது ஆள் வீட்டுக்கு உறவில்லை. எடைக்காரரின் மனைவி வீட்டிலேயே ஜன்னல் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். அவளிடம் வேலை கொடுப்பதற்காக ஒரு மூட்டைத் துணியோடு வெளியூரிலிருந்து வந்திருந்தார். கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் டீ டம்ளருடன் உட்கார்ந்திருந்த அவரை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. எடைக்காரரின் மனைவி மட்டும் எடுத்துக்கொண்டாள்.

எடைக்காரர் தொண்டையைச் செருமினார். அவர் செருமினால் அந்த வீட்டில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அன்று எழுந்து நின்று செருமியதால் பார்த்தார்கள்.

"நான் சைக்கிள்ல கடலுக்குப் போகப்போறேன்."

"எதுக்குப்பா? பஸ் போகுதே" என்றாள் மகள்.

"பஸ்ல எல்லாரும்தான் போறாங்க."

"எல்லாரும் போறாங்கன்னா அதுதானேப்பா நல்ல வழி?"

மருமகன் மரியாதைக்காக, "எவ்வளவு தூரம் மாமா?" என்று கேட்டார்.

"நானூறு கிலோமீட்டர். ஆத்தங்கரை ரோட்டைப் பிடிச்சா நேரா கடல்ல போய் முடியும். ஆறு நாள். ராத்திரியில கூடாரம். என் சமையல் நானே."

கடைசியில் சொன்னதைக் கேட்டு மனைவி ஊசியில் நூல் கோப்பதை நிறுத்தினாள்.

"உங்க சமையலை நீங்களே சாப்பிடுவீங்களா?"

"ஆமா."

"ஆறு நாளும்?"

"ஆறு நாளும்."

"அப்ப நிஜமாவே சாகசப் பயணம்தான்" என்று சொல்லிவிட்டு நூலைக் கோத்தாள்.

கண்டக்டர் துள்ளி எழுந்தார். பஸ்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "சார், நானும் வரேன்!"

"உக்காருங்க" என்றாள் அவர் மனைவி.

உட்கார்ந்தார். "உக்காந்துக்கிட்டே சொல்றேன் சார். நானும் வரேன்."

கதவோரத்திலிருந்து மேனேஜர் வாயைத் திறந்தார். "ஆத்தங்கரை ரோடுன்னா எங்க ஊர் வழியாத்தான் சார் போகணும். காலையில கிளம்பினா சாயங்காலம் எங்க லாட்ஜ் வாசல்ல இருப்பீங்க."

"லாட்ஜுல தங்கவா கூடாரம் வாங்கப்போறேன்?" என்றார் எடைக்காரர் சற்று மிடுக்காக. மேனேஜர் மறுபடி டீயில் மூழ்கிவிட்டார்.

மனைவி ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். மேனேஜரை ஒரு தரம் பார்த்தாள். கணவரை ஒரு தரம் பார்த்தாள்.

"போயிட்டு வாங்க" என்றாள்.

எடைக்காரர் இதை எதிர்பார்க்கவில்லை. வேண்டாம் என்பாள், மூட்டுவலியை ஞாபகப்படுத்துவாள், தன் அண்ணனுக்குப் போன் போடுவாள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் தயாராக வைத்திருந்தார். அத்தனையும் வீணாகப் போயின. மனைவி இவ்வளவு சுலபமாகச் சம்மதித்தால் கணவன் உஷாராக வேண்டும். அவர் சந்தோஷப்பட்டார்.

*

அவருக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

ஒரு மின்விசிறிக் கம்பெனியில், பெட்டி கட்டும் பிரிவில், கடைசி மேஜை அவருடையது. ஒட்டி மூடிய பெட்டி அவர் தராசுக்கு வரும். திறக்க மாட்டார். எடையைப் பார்ப்பார். "இதுல ஒரு ஸ்குரூ கம்மி" என்று ஒதுக்கி வைப்பார். பிரித்துப் பார்த்தால் ஒரு ஸ்குரூ கம்மியாகத்தான் இருக்கும். புதிதாக வந்த ஒரு சூப்பர்வைசர் ஒருமுறை, "எதுக்கும் திறந்து பார்த்துடுங்களேன்" என்றார். "திறந்து பார்க்கிறவனுக்குத் தராசு எதுக்கு சார்?" என்று கேட்டுவிட்டு இவர் அடுத்த பெட்டியை எடுத்தார். அவர் வேலைக்காலம் முழுவதிலும் மேலதிகாரியிடம் எதிர்த்துப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

ஓய்வு பெற்ற நாளில் கம்பெனி அவருக்கு ஒரு தராசையே பரிசாகக் கொடுத்தது. அது கூடத்தின் மூலையில் இருந்தது. காஸ் சிலிண்டர் வந்தால் அதில் ஏறும். பேரப்பிள்ளை வந்தாலும் ஏறும்.

கடல் ஆசை வந்ததும் அந்த மேஜையிலிருந்துதான். அவர் கையைத் தொட்டுப் போன பெட்டிகளின் மேல் ஊர்ப் பெயர்கள் அச்சடித்திருக்கும். மலையூர், துறைமுக ஊர், தீவு. பெட்டிகள் எல்லாம் அங்கே போய் யார் வீட்டிலோ சுற்றிக்கொண்டிருந்தன. அனுப்பி வைத்தவர் மட்டும் வீட்டுக்கும் கம்பெனிக்கும் நடுவே சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு தடவையாவது தானே ஒரு பெட்டியாகக் கிளம்பிவிட வேண்டும் என்று நினைத்தார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக் கூச்சம்.

*

சைக்கிள் வந்தது. பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் தொங்கவிட இரண்டு பைகள் வந்தன. எடைக்காரர் ஒரு சட்டம் போட்டார். இடது பையில் துணிமணி, பம்பு, பஞ்சர் சாமான். வலது பையில் கூடாரம், விரிப்பு, அடுப்பு, பாத்திரம். இரண்டும் சரியாக ஒன்பது கிலோ. ஒரு பக்கம் கூடினாலும் குறைந்தாலும் வண்டி சாயும், சாய்ந்த வண்டியில் அவர் ஏறமாட்டார்.

முதலில் அடுக்கியபோது ஒரு பக்கம் பதினொன்று வந்தது. குறைக்க ஆரம்பித்தார். சோப்பை இரண்டாக அறுத்தார். பல் துலக்கும் பிரஷ்ஷின் பிடியை வெட்டினார். துண்டில் பாதியைக் கிழித்தார். சட்டைப் பையைப் பிரித்தெடுத்தார்.

"பட்டனையும் எடுத்துடட்டுமா?" என்று கேட்டாள் மனைவி.

"எத்தனை கிராம் வரும்?"

"உங்க மீசை எத்தனை கிராம் வருமோ அத்தனைதான் வரும்."

எடைக்காரர் மீசையைத் தடவிப் பார்த்து, கொஞ்ச நேரம் யோசித்து, அதை விட்டுவிட்டார்.

"உங்க தொப்பையில ரெண்டு கிலோ எடுத்தா சோப்பை முழுசாவே கொண்டுபோகலாம்."

"அது வண்டிக்கு நடுவுல இருக்கு. நடுவுல இருக்கற எடை சாயாது" என்றார். அவரிடம் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு.

அடுத்தது பயிற்சி. பாரத்தோடு ஓட்டிப் பழக வேண்டும். கூடாரத்தையும் அடுப்பையும் தினமும் அலைக்கழித்தால் கிழியும், நசுங்கும். செங்கல்லை வைத்தார். செங்கல் பையைக் கிழித்தது. மணலை வைத்தார். மணல் வழியெல்லாம் ஒழுகி, போகும்போது ஒன்பதாக இருந்தது வரும்போது நாலாகிவிட்டது. பை தைக்கிற வேலை மனைவிக்கு வந்தது.

அந்தச் சமயத்தில் அவளுக்கும் ஒரு தலைவலி இருந்தது. தைத்த திரைச்சீலைகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வண்டிக்காரர் திடீரென்று இரண்டு பங்கு கூலி கேட்டார். இவள் முடியாது என்றாள். அவர் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க வேண்டிய இரண்டு மூட்டை வாசலில் கிடந்தன.

எடைக்காரர் மணலைக் கொட்டிவிட்டு அந்த மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதைத் தொடாதீங்க" என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

அவர் தொடப்போகவே இல்லை. இப்போது தொட்டார். தராசில் வைத்தார். ஒன்பது கிலோ. இன்னொன்றை வைத்தார். அதுவும் ஒன்பது.

"ஏய்! இங்க வந்து பாரேன்! ரெண்டும் ஒன்பது!"

"அப்படியா?" என்று கேட்டபடி அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "இருந்துட்டுப் போகட்டும். அது ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியது."

"நான் கொண்டுபோறேன்."

"ஐயோ வேணாங்க. உங்க பிராக்டீஸ் என்னாகும்?"

"இதுதாண்டி பிராக்டீஸே!"

"கடலுக்குப் போறவரு போய் ஸ்கிரீன் தூக்கிட்டுப் போறதா? பார்க்கிறவங்க என்ன சொல்லுவாங்க?"

"யார் என்ன சொன்னா எனக்கென்ன? எடை எடைதான்."

அவள் அரைமனதாகச் சரி என்றாள். அந்த அரைமனதை அவர் முழுதாக நம்பினார்.

திரும்பி வந்தபோது அவர் முகம் சுண்டியிருந்தது. "போகும்போது நல்லா இருந்துச்சு. வரும்போது பை காலி. அது பிராக்டீஸே இல்ல. கடலுக்குப் போறப்ப பாதி வழியில பை காலியாகுமா?"

"ஆகாதுதான்" என்று ஒப்புக்கொண்டாள். "ஆனா அதுக்கு நான் என்ன பண்ணமுடியும்? வேணும்னா வர வழியில மொத்தக் கடையில எனக்குத் துணி இருக்கு. அதை எடுத்துட்டு வாங்கன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? நீங்க பயிற்சியில இருக்கீங்க."

"எத்தனை கிலோ?"

"நீங்க எத்தனை சொல்றீங்களோ அத்தனை."

அன்றிலிருந்து எடைக்காரர் போகும்போது தைத்ததும் வரும்போது தைக்காததுமாக, தெற்கே ஆஸ்பத்திரி, வடக்கே பள்ளிக்கூடம், பாலம் தாண்டி ஒரு கல்யாண மண்டபம் என்று வெயிலிலும் மழையிலும் பழகினார். கால் இறுகியது. தொப்பையும் கொஞ்சம் இறங்கியது. இரவில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஆற்றை விரலால் தடவுவார். மனைவி எதிரே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பாள். அவர் எவ்வளவு வேகமாகப் பழகினாரோ அவ்வளவு வேகமாக அவளும் தைக்க வேண்டியிருந்தது.

ஒருநாள் டீக்கடையில் பழைய வண்டிக்காரர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"சார், ஒண்ணு கேட்டா தப்பா நினைக்கக் கூடாது. ஒரு நடைக்கு எவ்வளவு வாங்கறீங்க?"

"நான் எதுவும் வாங்கறதில்ல. பழகறேன்."

"சாப்பாடு?"

"வீட்டுலதான்."

வண்டிக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப சரி சார். உங்களோட என்னால போட்டி போட முடியாது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். தன்னைப் பார்த்து ஒரு தொழில்காரனே மலைத்துவிட்டான் என்று எடைக்காரருக்குப் பெருமையாக இருந்தது.

*

கிளம்பும் நாள் வந்தது. முதல்நாள் மாலையே இரண்டு பைகளையும் கட்டி, எடை பார்த்து, கயிறு முடிந்து, கூடத்தில் வைத்திருந்தார். காலையில் குளித்துவிட்டு வந்ததும், பழக்கம் விடாமல் மறுபடி தராசில் ஏற்றினார். இடது, ஒன்பது. வலது, ஒன்பது. முடிச்சைப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது.

"திறந்து ஒரு தரம் பார்த்துக்கோங்களேன்" என்றாள் மனைவி. பின்னால் யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் சொன்னாள்.

"திறந்து பார்க்கிறவனுக்குத் தராசு எதுக்கு?" என்றார் எடைக்காரர்.

"அதுவும் சரிதான்."

வாசலில் கண்டக்டர் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் புது விசில். கையில் சைக்கிள் இல்லை.

"என்ன கண்டக்டர், வண்டி எங்க?"

"சார், ராத்திரி பூரா யோசிச்சேன். முப்பது வருஷம் நான் ரைட் சொன்னேன். ஓட்டினது வேற ஆளு. இந்த வயசுல தொழிலை மாத்தக் கூடாது சார்." அவர் விசிலை ஊதினார். "போலாம், ரைட்!"

அவர் மனைவி உள்ளிருந்து, "ஊதினது போதும், உள்ள வாங்க" என்றாள். அவர் உள்ளே போனார்.

எடைக்காரர் தனியாகவே கிளம்பினார். தெருமுனையில் திரும்பிப் பார்த்தார். மனைவி கையசைத்தாள். இவளைப்போல ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று நினைத்தபடியே மிதித்தார். இந்த ஒரு விஷயத்தில் அவர் கணக்கு கடைசிவரை தப்பவில்லை.

பகல் முழுவதும் ஆறு கூடவே வந்தது. கல்யாண மண்டபத்தைத் தாண்டியதும் அவர் இதுவரை காணாத மரங்கள், காணாத பெயர்ப்பலகைகள். கம்பெனிப் பெட்டியில் பார்த்த ஒரு ஊர்ப் பெயர் மைல்கல்லில் இருந்தது. வண்டியை நிறுத்தி அதைத் தொட்டுப் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு இன்னொரு முறை தொட்டார். வண்டி எந்தப் பக்கமும் சாயவில்லை.

மாலை வெளிச்சம் இருக்கும்போதே ஓர் ஊரின் எல்லையில் ஆற்றங்கரைப் புல்வெளி தென்பட்டது. சமமான இடமாகத் தேடி வண்டியை நிறுத்தினார். வலது பையின் முடிச்சை அவிழ்த்தார்.

நீலத் துணி வந்தது. கூடாரம் பச்சை என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது. இழுத்தார். மேலே வளையம் வைத்துத் தைத்திருந்தது. இன்னும் இழுத்தார். புல்லின்மேல் வரிசையாகப் போட்டார். பன்னிரண்டு திரைச்சீலை. நடுவில் அவருடைய அரை சோப்பு.

போனை எடுத்தார். முதல் மணியிலேயே மனைவி எடுத்தாள்.

"சேர்ந்துட்டீங்களா? கால் வலிக்குதா?"

"கூடாரம் எங்கடி?"

"மொட்டை மாடியில. கண்டக்டர் அண்ணன் கட்டிட்டு உள்ள உக்காந்திருக்காரு. மத்தியானத்துலேர்ந்து இறங்கல. அவங்க வீட்டுல கூப்பிட்டாலும் விசில் ஊதறாரு."

"அடுப்பு?"

"அடுப்பு அடுப்படியில இருக்கு."

"ஒன்பது கிலோ இருந்துச்சே! நான் பார்த்தேனே! தராசு பொய் சொல்லாதே!"

"தராசு எங்கங்க பொய் சொல்லுச்சு? ஒன்பதுன்னு சொல்லுச்சு, ஒன்பதுதான் இருக்கு. நீங்க குளிக்கப் போனப்ப மாத்தினேன். கொஞ்சம் குறைஞ்சது. அதுக்குத்தான் உங்க சோப்பைப் போட்டேன்."

எடைக்காரர் அரை சோப்பைப் பார்த்தார். அரை சோப்பு அவரைப் பார்த்தது.

"நான் இப்ப எங்க படுப்பேன்?"

"ஊர் எல்லைக்கு வந்தாச்சுல்ல? நேரா பாருங்க. மூணு மாடி, பச்சைப் பெயின்ட் தெரியுதா?"

தெரிந்தது.

"அங்கதான் ரூம் சொல்லியிருக்கேன். சாப்பாடும் சொல்லியிருக்கேன். அன்னிக்கு நம்ம வீட்டுல கதவோரம் உக்காந்திருந்தாரே, அவரோட லாட்ஜ். முதல் பன்னிரண்டு வந்து சேர்ந்து, அது பிடிச்சாத்தான் மீதி வேலை தருவேன்னு சொன்னாரு. வண்டிக்காரன் இல்லாம நான் என்ன பண்ணுவேன்? நீங்களும் அந்த வழியாத்தான் போறேன்னீங்க."

"நான் கடலுக்குப் போறேன்னேன்!"

"போங்க. நான் எப்பவாவது வேணாம்னு சொல்லியிருக்கேனா?"

யோசித்துப் பார்த்தார். ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

*

மேனேஜர் வாசலிலேயே நின்றிருந்தார். திரைச்சீலைகளை எண்ணி வாங்கிக்கொண்டார். அன்றிரவு எடைக்காரர் சூடான சாப்பாடு சாப்பிட்டு, மெத்தையில் படுத்து, தானே சுமந்து வந்த திரைச்சீலைக்குப் பின்னால் நிம்மதியில்லாமல் நன்றாகத் தூங்கினார்.

விடிந்ததும் ஒரு முடிவோடு எழுந்தார். கூடாரம் இல்லாவிட்டால் என்ன? லாட்ஜ் லாட்ஜாகத் தங்கிக்கொண்டே கடலுக்குப் போய்விடுவது. அவளுக்கும் ஒரு பாடம். வேகமாக வெளியே வந்து இடது பையை வண்டியில் மாட்டினார். வண்டி இடப்பக்கம் சாய்ந்தது.

வலது பை காலி. ஒரு பக்கம் ஒன்பது, மறுபக்கம் ஒன்றுமில்லை. அவர் போட்ட சட்டப்படியே அந்த வண்டியில் அவர் ஏறக்கூடாது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கல் ஏதாவது கிடைக்குமா என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

"சார், ஒரு நிமிஷம்!" மேனேஜர் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "அம்மா போன்ல சொன்னாங்க. உங்களுக்குத் திரும்பிப் போறப்ப எடை குறையவே கூடாதாமே. துணி சார். சரியா ஒன்பது கிலோ. மளிகைக் கடைத் தராசுல பார்த்துட்டேன். வேணும்னா திறந்து பார்த்துக்கோங்க."

"திறக்க வேண்டாம்" என்றார் எடைக்காரர் வாடிய குரலில்.

மூட்டை வலது பைக்குள் இறங்கியது. வண்டி நிமிர்ந்தது. இந்தத் துணி கடலில் போய் என்ன செய்யும்? யார் வீட்டுத் தையல் மெஷினுக்குப் போக வேண்டுமோ அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். சைக்கிளின் முகத்தை வந்த வழிக்குத் திருப்பினார். ஆறு மட்டும் எந்த வருத்தமும் இல்லாமல் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

"ரொம்பப் பிடிச்சிருக்கு சார்" என்றார் மேனேஜர். "மீதியை எப்பக் கொண்டுவருவீங்க?"

"மீதியா?"

"ஆமா சார். எங்ககிட்ட நாற்பத்தெட்டு ஜன்னல். ஒரு ஜன்னலுக்கு ரெண்டு. எல்லாம் முடிஞ்சதும் உங்களைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறதா அம்மா சொன்னாங்களே. பஸ்ல."

எடைக்காரர் ஒரு கால் தரையிலும் ஒரு கால் பெடலிலுமாக அண்ணாந்து அந்த மூன்று மாடியையும் பார்த்தார். கீழ்மாடியில் ஆறு ஜன்னல்களில் நீலத் துணி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மற்றவை மொட்டையாக இருந்தன. தராசு இல்லாமலே கணக்குப் போட்டார்.

மீதி எண்பத்து நான்கு.